எம் வரிசை மாதிரிகள்

ஜனவரி 8, திங்கள்

அமலி, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பதினொன்றே முக்கால். அகரன் இப்போதுதான் தூங்கினான். ஏழு மாதக் குழந்தைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று சென்னியப்பன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். இப்போது அவர் பக்கத்து அறையில் அமெரிக்காக்காரர் யாருக்கோ கணினிப் பழுதைப் பற்றி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரவு அந்த வேலை, பகல் குழந்தை. எப்போதுதான் தூங்குகிறீர்கள் என்றால், "அவுங்க சிஸ்டம் அப்டேட் ஆகறப்ப" என்கிறார்.

ஆளுக்கொரு நாட்குறிப்பு எழுதி, மாதம் ஒருமுறை படமெடுத்து அனுப்பிக்கொள்வது என்று எம்.டெக். முடித்த அன்று நாம் பேசிவைத்ததை நீ நாலு வருடமாகக் காப்பாற்றுகிறாய். நான் பிரசவத்தோடு நிறுத்திவிட்டேன். இன்றிலிருந்து மறுபடி.

விடுப்பு முடிந்து கல்லூரிக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. இறுதியாண்டு ஆய்வுக்கு என்னிடம் இரண்டு பேர். மௌனிகா என்று ஒருத்தி. பெயர் வைத்தவர்கள் ஏமாந்துபோயிருக்கிறார்கள். தரணிதரன் என்று ஒருவன்; எதையும் மூன்று தடவை அளக்காமல் வாயைத் திறக்கமாட்டான். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி செய்கிறார்கள். பாலை ஊற்றினால் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அளந்து கலப்படம் உண்டா என்று சொல்லும். தரணியின் அம்மா பால் சொசைட்டிக்குக் கொண்டுபோன எருமைப் பாலை, தண்ணீர் கலந்தது என்று பத்துப் பேர் முன்னால் யாரோ திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"எங்கம்மா கலக்கலீங் மேம். அத வாயில சொல்லி ஆகாது. நம்பருல காட்டோணும்" என்றான்.

மார்ச் மாதம் கோயம்புத்தூரில் மாநில அளவில் மாணவர் ஆய்வு மாநாடு. தேர்வாகும் பத்துக் குழுக்கள் மேடையில் பேசலாம், மற்றவர்கள் சுவரில் போஸ்டர் ஒட்டலாம். மேடை ஏறுபவர்களுக்குப் பெரிய ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி. மௌனிகா இப்போதே பெட்டி கட்டிவிட்டாள்.

நம் கைடு நமக்குச் சொல்லாமல் பெயரில்லாத மாதிரியை ஃப்ரிட்ஜில் வைப்பாரே, அந்தக் கதையை இன்று இவர்களுக்குச் சொன்னேன். "அது என்னன்னு கேக்கக் கூடாது. கேட்டா நீங்க ஃபெயில். அளந்து நீங்களாத்தான் கண்டுபிடிக்கணும்" என்றேன். இருவரும் கண்கொட்டாமல் கேட்டார்கள். நல்ல ஆசிரியை மாதிரி இருந்தது எனக்கே.

இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லாதே. காலையிலும் மாலையிலும் துல்லியத் தராசு இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுக்கிறேன். காற்று புகக்கூடாத அறை என்பதால் யாரும் தட்டமாட்டார்கள். ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜில் துறைத் தலைவர் நாச்சிமுத்து சாரின் தயிர்சாதம் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே கொதிநீரில் போட்டெடுத்த நீல மூடிக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வீட்டுக்குக் கிளம்பும்வரை ஆய்வக ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். பெயர் எழுதக் கூச்சம். எம்-1, எம்-2 என்று எழுதித் தேதி போட்டுவிட்டேன். பார்ப்பவர்களுக்கு ஏதோ மாதிரி என்று தோன்றும். கெட்டிக்காரி அல்லவா நான்?

ஜனவரி 11, வியாழன்

120 மில்லி எடுத்து வைத்தேன். வீட்டில் பார்த்தால் 95. சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை நான்கு நாளும் பால் நன்றாகத்தான் இருந்தது. கல்லூரிக்குப் போனதும் மறுபடி குறைகிறது. சென்னியப்பன் இதற்கு எக்செல் போட்டுவிட்டார்.

"மணி, நேத்து காலையில எத்தன எடுத்த?"

"நூத்தி இருவது."

"பாட்டில்ல தொண்ணூத்தஞ்சு. சாயங்காலம்?"

"நூறு."

"எழுவத்தஞ்சு. ரெண்டு தடவையும் சரியா இருவத்தஞ்சு குறையுது. ஆவியாப் போனா இத்தன கரெக்டாப் போகுமா?"

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"நான் டேட்டாவச் சொல்றேன் அம்மிணி."

நான் பதறவில்லை. ஆனால் இணையத்தில் பதினான்கு கட்டுரைகள் படித்தேன். கவலைப்பட்டால் பால் குறையும் என்று எல்லாவற்றிலும் போட்டிருந்தது. அதைப் படித்ததும் கவலை கூடிவிட்டது. பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, வெந்தயக் கஞ்சி மூன்றையும் ஒரே நாளில் சாப்பிட்டேன். நான் வகுப்பில் நுழைந்தபோது முதல் வரிசை பின்வரிசைக்கு நகர்ந்தது.

மாணவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எல்லாம் அளந்தாகிவிட்டது. மௌனிகா மட்டும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிக்கிறாள்.

"மேம், நாங்க ஒண்ணும் கேக்கமாட்டோம்."

"என்ன கேக்கமாட்டீங்க?"

"அதான் மேம். கேக்கவே மாட்டோம். பாஸ் ஆகோணுமல்லொ?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவது எனக்குப் புரிவதில்லை. இருபத்தொன்பது வயதில் இப்படி எழுதுகிறேன், பார்.

ஜனவரி 23, செவ்வாய்

இன்றும் இருபத்தைந்து, இருபத்தைந்து. டாக்டரம்மா, "எல்லாம் நார்மல்தாம்மா, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்றார். யாருடைய நேரத்தில் தூங்குவது என்று அவர் சொல்லவில்லை.

ஜனவரி 29, திங்கள்

மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். அகரனுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். மூன்றரை மணிக்குச் சென்னியப்பன் போன் செய்தபோது 101. பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மௌனிகா வராந்தாவில் மறித்தாள்.

"மேம், கைடு கையெழுத்து. நாலாவது படத்த மட்டும் பாருங்க மேம், நீங்க வச்சத நாங்க புடிச்சிட்டோம்!"

"நல்லது, நல்லது. எங்க போடணும்?"

படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏறக்குறைய. முதல் பக்கம் முழுவதும் படித்தேன் என்று நினைக்கிறேன். தலைப்பு நிச்சயமாகப் படித்தேன்.

காய்ச்சல் இப்போது 99. பல் முளைக்கிறதாம்.

பிப்ரவரி 1, வியாழன்

120 வைத்தேன், 120 இருந்தது! மாலையிலும் அப்படியே! பூண்டு வென்றது. சென்னியப்பன் எக்செல்லில் பச்சை நிறம் அடித்துவிட்டு அகரனோடு ஆடினார்.

பிப்ரவரி 12, திங்கள்

அமலி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலையில் மாநாட்டிலிருந்து கடிதம். பத்துக் குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. மேடை! மௌனிகா போட்ட சத்தத்தில் எந்திரவியல் துறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தரணி கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுச் சிரித்தான். அவன் பல்லை நான் பார்த்தது இதுவே முதல் தடவை. கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பு: "நான்காம் படத்திலுள்ள எம் வரிசை மாதிரிகளின் முடிவு மிகவும் புதுமையானது. இதன் பொருட்டே கட்டுரை மேடைக்குத் தேர்வானது. அம்மாதிரிகளின் மூலத்தை இருபத்திரண்டாம் தேதிக்குள் வழிகாட்டி தெரிவிக்கவும்."

எம் வரிசையா?

அப்போதுதான், பதினான்கு நாள் கழித்து, நான்காம் படத்தைப் பார்த்தேன். "எம்-5 முதல் எம்-22 வரை: வழிகாட்டி ரகசியமாக அளித்த பெயரிடப்படாத பால். உப்பு மிகக் குறைவு. சர்க்கரை மிக அதிகம். இதுவரை எங்கும் பதிவாகாத, கைதேர்ந்த கலப்படம்."

"இந்தப் பால ஊத்துனவனப் புடிச்சு உள்ள போடோணும் மேம்" என்றாள் மௌனிகா. "பாதிக்குப் பாதி தண்ணி, அதுல சர்க்கர. எந்தப் பாவியோ! எங்க மேம் புடிச்சீங்க இத?"

என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "தரணி, எடுத்த பிப்பெட் ஸ்டெரிலைஸ் பண்ணதா?"

"ஒவ்வொரு தடவையும் ஆட்டோகிளேவ் பண்ணிட்டுத்தானுங் மேம். கையுறையும் போட்டேன். இருவத்தஞ்சு மில்லிக்கு மேல எடுக்கலீங். மிச்சம் உங்களுக்கு வேணுமோ என்னமோன்னு."

கடவுள் அவனுக்கு நல்ல வேலை கொடுக்கட்டும். உட்காரப்போனேன், நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

நேற்றே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மௌனிகா அவளுடைய அப்பாவிடம் போனில், "மேடையில பேசறனுங்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இரவு வீட்டில் சென்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இதுக்கு எதுக்கு அழுகற? கழுதப்பால்னு சொல்லிரு."

"என்னது?"

"கழுதப்பால். ஒருத்தர் தெருவுல ஓட்டிட்டு வருவாரல்லொ, கொழந்தைக்குச் சங்குல ஊத்த. அவர்கிட்ட வாங்குனேன்னு சொல்லு. யாரு போயிக் கேக்கப்போறாங்க?"

அமலி, இன்று காலை பத்து மணிக்கு நாச்சிமுத்து சார் கூப்பிட்டு, "என்னம்மா அந்த எம்?" என்று கேட்டபோது, "கழுதைப் பால் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆய்வு நேர்மை பற்றி முதலாமாண்டுக்கு ஒரு முழு யூனிட் நடத்துபவள் நான்.

பிப்ரவரி 14, புதன்

சார் பத்திரிகைக்குச் செய்திக்குறிப்புத் தயாரிக்கிறார். கல்லூரி ஆண்டு விழாவுக்குக் கழுதையையே அழைத்து வரலாமா என்று கேட்கிறார். மாலை போடுவாராம்.

பிப்ரவரி 19, திங்கள்

காலை எட்டே முக்காலுக்கு லேப் திறந்திருந்தது. தரணி மேசைமேல் ஒரு சின்னத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மௌனிகா.

"மேம், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கமாட்டீங்களே?" என்றான்.

"சொல்லுப்பா."

"கழுதப்பாலுன்னு சார் சொன்னாருங். மேடையில கேள்வி கேட்டா ஒப்பிட்டுக் காட்டோணுமல்லொங். அதனால சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அந்த ஆளத் தேடிப் போனேனுங். அந்தியூர்ப் பக்கம் கெடைச்சார். அவர்கிட்டயே வாங்கியாந்து அளந்தேன்."

"மூணு தடவையா?"

"ஆறு தடவ. சர்க்கர கிட்டத்தட்டச் சரிங். உப்பும் பரவால்ல. கொழுப்புதான் எம்-ல இருக்கறதுல கால்வாசிகூட இதுல இல்லீங். எம் கழுதப்பால் கெடையாதுங் மேம்."

மௌனிகாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மேம், அந்தாளு உங்கள ஏமாத்திப்புட்டான்! கழுதப்பாலுன்னு சொல்லி எதையோ குடுத்துருக்கான். அதப் போயி பாப்பாவுக்கு ஊத்துனீங்களா? ஐயோ, வாந்தி கீந்தி எடுத்தானா?"

ரெண்டு பேருடைய முகத்திலும் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. அகரனுக்காகப் பயந்துபோயிருந்தார்கள். அவ்வளவுதான். அவன் ரெண்டு நாள் வெயிலில் அலைந்து கறுத்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவன் செய்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

கதவைச் சாத்தினேன். "என்னை யாரும் ஏமாத்தல. நான்தான் உங்கள ஏமாத்திட்டேன். அது என்னோடது."

"உங்க வீட்டு மாடுங்களா மேம்?" என்றான் தரணி.

"மாடு இல்லப்பா."

"ஆடா மேம்?" என்றாள் மௌனிகா.

"இல்ல. எம்-னா மணிமொழி."

மௌனிகாவுக்குத்தான் முதலில் புரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தரணிக்குப் புரிந்தபோது அவன் காது சிவந்து, கழுத்து சிவந்து, நாற்காலியோடு பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டான்.

"அப்ப நான், பாப்பாவோட, தினமும்..." என்றான். அதற்குமேல் வரவில்லை.

"மேம், நான் அதப் போயி பாவி, பாதிக்குப் பாதி தண்ணின்னு எல்லாம்..." என்றாள் மௌனிகா. அப்புறம் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்து முதுகில் கைவைத்தேன். சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். நான் கொஞ்சம் அழுதும்விட்டேன் என்று அவள் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

சிரித்து முடித்தபின், "இதுல என்ன மேம், உண்மையவே எழுதிருவோம்" என்றாள். "குடுத்தவங்க நீங்க. சம்மதக் கடிதத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க. தேதிய மட்டும் ஜனவரின்னு போட்டுருவோம்."

"மனுஷங்ககிட்ட எடுக்கற மாதிரிக்கு முன்னாடியே சம்மதம் வாங்கணும். நெறிமுறைக் குழு அனுமதியும் வேணும். எடுத்த பிறகு வாங்கறது சம்மதம் இல்ல."

"அப்ப நாலாவது படம்?"

"எடுத்துடணும்."

"மேடை?"

அந்த முடிவுக்காகத்தான் மேடையே கிடைத்தது. அதை அவளும் படித்திருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "நீங்க அன்னைக்கே படிச்சுப் பாத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள். தரணி அவள் பக்கம் திரும்பி, "உடு மௌனி" என்றான். அவள் விடவில்லை. "இல்ல தரணி, சொல்லத்தான் வேணும். மேம், நீங்க படிச்சிருக்கணும்."

"ஆமா. படிச்சிருக்கணும்" என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நாச்சிமுத்து சாரிடம் சொன்னேன். அவர் மின்விசிறியையும், காலண்டரையும், தன் செருப்பையும் பார்த்தார். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். "சரிம்மா, சரிம்மா, அந்த... அது... லேடீஸ் விஷயம்" என்றார். பிறகு செய்திக்குறிப்பைக் கிழித்தார். "அப்பக் கழுத வராதா?" என்று கடைசியாகக் கேட்டதில் உண்மையான வருத்தம் இருந்தது.

மாநாட்டுக்கு நானே எழுதினேன். எம் வரிசை என்னுடைய தாய்ப்பால், அனுமதியின்றி அளக்கப்பட்டது, தவறு வழிகாட்டியுடையது, மாணவர்கள் அறியாமல் செய்தது, நான்காம் படத்தை நீக்கிவிடுங்கள். இரண்டே பத்தி. எழுத மூன்று மணி நேரம் ஆனது. இந்த முறை அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படித்தேன்.

பிப்ரவரி 21, புதன்

தரணி ஒரு லிட்டர் எருமைப் பால் கொண்டுவந்தான். மொத்தம் பதினெட்டுத் தடவை, 450 மில்லி பாப்பாவுடையது என்று கணக்கிட்டானாம். காரணம் சொல்லாமல் அம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுக்க முடியாது என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. சென்னியப்பன் டீ போட்டுக் குடித்துவிட்டு, "இதுலயா தண்ணின்னானுங்க?" என்று கோபப்பட்டார்.

பிப்ரவரி 26, திங்கள்

பதில் வந்துவிட்டது. கட்டுரையை ஏற்றுக்கொள்கிறார்கள், மேடை இல்லை. போஸ்டர். எண் 61, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில். பயிற்சியும் இல்லை.

மௌனிகா மூன்று நாளாக என்னிடம் "சரிங் மேம்", "இல்லீங் மேம்" தவிர எதுவும் பேசவில்லை. அந்தப் பெயருக்கு அவள் இப்படிப் பொருந்துவாள் என்றால் எனக்கு அந்தப் பெயரே வேண்டாம். இன்று மாலை நான் கிளம்பும்போது நோட்டோடு வந்து நின்றாள். சமாதானம் பேச வரவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"படத்த எடுத்தாச்சு. போச்சாது, அது போகட்டும். ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும் மேம். காலையில எடுத்ததுல கொழுப்பு கம்மி. சாயங்காலம் எடுத்ததுல கூட. எல்லா நாளும் அப்புடித்தான் இருக்குது. ஏன்?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதமாக நான் குப்பியில் பார்த்ததெல்லாம் எத்தனை மில்லி என்ற ஒன்றைத்தான்.

"எனக்குத் தெரியலையே மௌனிகா."

"கொறை மாசத்துல பொறந்த கொழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில வேற அம்மாங்க பால் குடுப்பாங்களாமே. அதுல எதுல கொழுப்பு இருக்குது, எதுல இல்லன்னு அளந்துதான் குடுப்பாங்களா, கெடைச்சதக் குடுத்துருவாங்களா?"

"அதுவும் தெரியல."

"எங்க பொட்டி அளக்கும் மேம்" என்றாள். "இந்தத் தடவ மொதல்லயே அனுமதி வாங்கிருவோம். யாருகிட்டக் கேக்கோணும்னு மட்டும் சொல்லுங்க. கேட்டா ஃபெயில்னு சொல்லிராதீங்க."

தரணி கதவுக்கு வெளியே நின்று விண்ணப்பம் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. இன்னும் என் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சம்.

அமலி, நீ இருக்கும் மருத்துவக் கல்லூரியில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். அங்கே பாலின் கொழுப்பை அளக்கிறார்களா, நெறிமுறைக் குழுவுக்கு யார் பெயருக்கு எழுத வேண்டும், வெளிக் கல்லூரி மாணவர்களை உள்ளே விடுவார்களா, இந்த மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும். பக்கங்களை இப்போதே படமெடுத்து அனுப்புகிறேன், மாத முடிவுவரை காத்திருக்கவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் என் மேசை முன்னால் வந்து நிற்பாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.